கீழ்க்காற்றுக்கு ஒரு கோடு

கீழ்க்காற்றுக்கான கோட்டைப் பார்த்ததும் மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். அதன் மேல் அம்மா மூன்று கண்ணாடித் தாள்களைப் போட்டு வைத்திருந்தாள். தெற்கிலிருந்து வரும் தென்காற்றுக்கு ஒன்று, மேற்கிலிருந்து வரும் மேல்காற்றுக்கு ஒன்று, கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்றுக்கு ஒன்று. நாளைக் காலை எந்தக் காற்று அடிக்கிறதோ அந்தத் தாளின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, அம்மா தெற்கே குன்றிலிருந்து, என்ஜின் இல்லாத துணிச்சிறகான பாராகிளைடரில் கிளம்பி, வடக்கே ஏரிக்கரையில் போய் இறங்க வேண்டியது.

நடுவில் ஒரு சிவப்பு வட்டம். விமான நிலையம். பாராகிளைடர் எதுவும் அதற்குள் நுழையக் கூடாது.

அந்த விமான நிலையத்தின் கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்கிறவள் மகள்.

போன மாதம் அம்மா வட்டத்துக்குள் கொஞ்சம் புகுந்துவிட்டாள். அன்று பணியில் இருந்தவர் போனில் எச்சரித்ததோடு விட்டார். இன்னொரு முறை என்றால் ஓராண்டுக்குப் பறக்கவே முடியாது. நாளைக்குக் கோபுரத்தில் இருக்கப்போவது மகள். புகார் எழுத வேண்டியவளும் அவளே.

"எழுதேன். பெத்தவளக் காட்டிக்குடுக்குற பாக்கியம் எத்தன பேருக்குக் கெடைக்கும்?" என்றாள் அம்மா, மெழுகுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு.

"வெளையாடாதம்மா. கீழ்க்காத்துல யாராவது வட்டத்துக்குக் கிழக்க போவாங்களா?"

போக மாட்டார்கள். வெயில் ஏறினால் தரையிலிருந்து சுடுகாற்று கிளம்பும். அதில் சுற்றிச் சுற்றித்தான் பாராகிளைடர் உயரம் பிடிக்கும். சுற்றுகிற நேரமெல்லாம் அடிக்கிற காற்று ஆளை நகர்த்திக்கொண்டே இருக்கும். காற்று கிழக்கிலிருந்து வந்தால் மேற்கே தள்ளும். வட்டத்துக்கு மேற்குப் பக்கமாகப் போனால் தள்ளத் தள்ள ஆபத்து விலகும். கிழக்குப் பக்கமாகப் போனாலோ, காற்றே கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும்.

பறக்கத் தொடங்கிய முதல் வாரத்துப் பாடம் இது.

மகள் மேல்காற்றுத் தாளை எடுத்தாள். கோடு கிழக்கே. அது சரி. தென்காற்றுத் தாளிலும் கிழக்கே. அதுவும் பரவாயில்லை. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

ஒரே கோடு. எந்தக் காற்றானாலும் வட்டத்தின் கிழக்கு விளிம்பை உரசிக்கொண்டு ஓடியது.

அம்மா ஓய்வு பெறும் நாள்வரை நகரப் பேருந்து ஓட்டியவள். எதிரே லாரி நிற்கும் சந்தில்கூடப் பக்கத்துக் கண்ணாடி சிராய்க்காமல் திருப்பியவள். அந்தக் கணக்கு எங்கே தப்பியது? கண்ணா, கையா, நினைவா?

போன மாதம் அம்மா புகுந்ததும் இதே விளிம்பில்தான் என்பது மகளுக்கு நினைவுக்கு வந்தது.

போதும்மா, இனிமே பறக்க வேணாம். வாக்கியம் தயாராகித் தொண்டைவரை வந்து நின்றது. அம்மா சண்டை பிடிப்பாள் என்ற பயம் அவளுக்கு இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருந்தது.

அதைச் சொல்லாமல் பென்சிலை அம்மாவின் காதிலிருந்து உருவி, கீழ்க்காற்றுத் தாளில் மேற்குப் பக்கமாக ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இதுல போனா ஒரு தொல்லையும் இல்ல."

"அப்புறம் ஏம்மா?"

"இதுல போனா உன் வீடு தெரியாதே."

மகள் குனிந்து பார்த்தாள். அவள் தினமும் பார்க்கிற வரைபடத்தில் தெருக்கள் கிடையாது. உயரங்களும் வட்டங்களும்தான். இப்போதுதான் கோட்டின் அடியில் இருந்த நிலம் கண்ணில் பட்டது. விளிம்பில் கோடு லேசாக வளைந்து நிதானிக்கும் இடத்தில், வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அவள் தனியாக வாடகைக்கு எடுத்த மாடி வீடு.

வருகிறேன் வருகிறேன் என்று ஆறு மாதமாக அவள் போனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். இங்கே ஒருத்தி, எந்தக் காற்று அடித்தாலும் அந்தப் பக்கமாகவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். தடைக்குக்கூடப் பயப்படாமல்.

மகளுக்குக் கண் கலங்கியது.

"ரொம்ப உருகாதடி. ஒன் மொட்டமாடிக் கொடியில பளிச்சுனு ஒரு பச்ச ஜாக்கெட் காயுதே, ஃப்ளைட்டுக்குக் கை காட்டி நிறுத்துறவங்க போடுறது. அது யாரோடது?"

விமானி எதைக் கேட்டாலும் மறு நொடியே பதில் சொல்லிப் பழகியவள் மெழுகுப் பென்சிலின் கூர்மையைச் சோதித்துப் பார்த்தாள். காது மடல் சுட்டது. கூடவே, வெட்கத்துக்கும் அடியில், ஒரு பாரம் சத்தமில்லாமல் இறங்கியது. அம்மாவின் கண்ணுக்கும் ஒன்றுமில்லை, கைக்கும் ஒன்றுமில்லை, நினைவுக்கு நிச்சயமாக ஒன்றுமில்லை.

அம்மா தன் கோட்டைக் கட்டை விரலால் தேய்த்து அழித்தாள். மகள் போட்ட கோடு மட்டும் தாளில் மிஞ்சியது.

"ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வந்துடு. நான் பாட்டுக்கு மேக்கால போயிடறேன்." தாள்களைச் சுருட்டத் தொடங்கியவள் நிமிர்ந்தாள். "அப்புறம், அத உள்பக்கம் திருப்பிக் காயப்போடச் சொல்லு அவர. வெயில்ல வெளுத்துக்கிட்டே வருது. போன மாசத்துக்கு இந்த மாசம் மேலேர்ந்தே வித்தியாசம் தெரியுது."