கழற்றி வைத்த வாட்ச்

மேஜைமேல் இரண்டு கைக்கடிகாரங்கள் இருந்தன. ஒன்று அருணகிரி முப்பது வருடம் கட்டிய சாவிக் கடிகாரம். ஆறு மாதம் அலமாரியில் கிடந்துவிட்டு இன்றுதான் வெளியே வந்தது. மற்றது துபாயிலிருந்து மகள் கோமதி அனுப்பிய ஸ்மார்ட்வாட்ச்.

"நீ அப்படி என்னதான் வேலை பாக்குற?" என்று பழையது கேட்டது.

"இவர் எவ்வளவு தூங்கினார், எத்தனை அடி நடந்தார், நெஞ்சு எப்படித் துடிக்குது, எல்லாத்தையும் கோமதி போனுக்கு அனுப்புறேன்."

"முன்னாடி அவளே காலையில எட்டு மணிக்குக் கூப்பிட்டு இதையெல்லாம் கேட்பாளே. குழம்புல உப்பு சரியா இருந்ததான்னுகூடக் கேட்பா."

"இப்போ கேட்க வேண்டியதில்லையே" என்றது புதியது பெருமையாக. பிறகு அதன் குரல் இறங்கியது. "போன மாசம் ஒருநாள் இவர் என்னைக் கட்ட மறந்துட்டார். அவ பதறிப்போய்க் கூப்பிட்டா. அரை மணி நேரம் பேசினாங்க. அதிலேர்ந்து வேணும்னே மறக்குறார்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும்தான். மணி பதினொன்னு ஆயிடுச்சு."

அருணகிரி போனைப் பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு சாலமன் உள்ளே வந்து ஸ்மார்ட்வாட்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கனடாவுல இருக்கிற பையன் இதே மாதிரி வாங்கித் தரட்டுமான்னு கேக்குறான் சார். வாங்கலாமா?"

அருணகிரி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாங்குங்க சாலமன். கழட்டி வச்சா, முதல் நாலஞ்சு தடவை உடனே கூப்பிடுவாங்க."