பெற்றீசியாவுக்குத் தோதான பள்ளிக்கூடம்

“இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடம் தோதுப்படாது.”

றோலண்ட் மாஸ்டர் சொன்னது அவ்வளவுதான். அட்டன் டவுனில் பெரிய பள்ளிக்கூடம், அதற்கு அவர் பெரிய மாஸ்டர். ஜோசப்பின் நீட்டிய பிறப்புப் பத்திரத்தைக்கூட அவர் வாங்கிப் பார்க்கவில்லை.

“சேர், ஏழு வயசாச்சு சேர். எங்க வட்டவளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணே நாள்ல திருப்பி அனுப்பிட்டாங்க. பேச்சுத்தான் சரியா வரல. மத்தபடி...”

மகள் பெற்றீசியா பால்மா டின் மூடியைத் தரையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள் பாருங்கள், பக்கத்து வகுப்பிலிருந்து நாற்பது தலை சன்னலுக்கு வந்துவிட்டது. நாற்பதும் சிரித்தது.

மூடி உருண்டு மேசைக்கடியில் போனது. பியோன் கந்தப்பன் அதை எடுத்து அவளிடம் நீட்டப் போனார்.

“கையில குடுக்காதே. மேசை மேல வச்சுட்டுத் தள்ளி நில்லு,” என்றார் மாஸ்டர்.

ஜோசப்பினுக்குச் சுருக்கென்றது. தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா?

பெற்றீசியா தானாகப் போய் மூடியை எடுத்துக்கொண்டாள். கத்தல் நின்றது. ஜோசப்பின் இருந்த கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை.

“ஆத்துக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம், கீழ்ப்பிரிவுல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. சூசைரட்ணம் மாஸ்டர். அங்க கொண்டு போ.”

“அந்த ஒத்தை அறைப் பள்ளிக்கூடமா சேர்?”

“அதேதான்.”

“தோட்டத்து லயத்துல கெடக்குற பிள்ளைக்கு அது போதும்ங்கிறீங்க.”

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “திங்கக்கெழமையே கொண்டு போ. தள்ளிப் போடாதே.”

“நல்லா இருங்க சேர்.”

அவள் சொன்ன விதத்தில் அது வாழ்த்தாக இல்லை.

“தோதுப்படாது, தோதுப்படாது.” வட்டவளை வரைக்கும் பஸ்ஸில் பெற்றீசியா இதையே பாடிக்கொண்டு வந்தாள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் அவள் பேச்சு. வேறு பேச்சுக் கிடையாது.

பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் காளியாயி ஆரம்பித்தாள்.

“என்னா ஜோசப்பினு, டவுன் பள்ளிக்கூடம்னு சப்பாத்தெல்லாம் வாங்குன. என்னாச்சு?”

“சப்பாத்து இருக்கு. பள்ளிக்கூடந்தான் இல்ல. கீழ்ப்பிரிவுக்குப் போகச் சொல்றாரு.”

காளியாயி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அது பள்ளிக்கூடமா, ஆட்டுப்பட்டி! தோட்டத்துகிட்டருந்து கவர்மெண்டு எடுத்தும் மாறல. ஒண்ணாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் ஒரே கூரைக்குள்ள. பாதிப் பிள்ளை மேசைக்கு மேல, பாதிப் பிள்ளை மேசைக்குக் கீழ. அந்த வாத்தி ஒரு அதட்டு அதட்டாதாம்.”

“நம்மளுக்கு அது போதும்னு நெனைக்கிறாரு. அவரு அப்பன் மட்டும் பங்களாவுலயா பொறந்தாரு? அவரும் லயந்தான். ஏறுன ஏணிய எட்டி ஒதைக்கிறானுங்க.”

“பேசாம கட்டில் காலுல கட்டிப் போட்டுட்டு மலைக்கு வா. சோலைமலை பொண்டாட்டி அப்படித்தானே செஞ்சா.”

காளியாயி கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஐந்து வயதுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். ஆயம்மா மீனம்மா இரண்டு வருசம் கண்டும் காணாமல் இருந்தாள். இனி முடியாது, திங்கட்கிழமை கூட்டி வராதே என்று சொல்லிவிட்டாள். ஜோசப்பின் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால் பிள்ளையை யார் பார்ப்பது? மிஞ்சியது கயிறுதான். அன்றிரவு அவள் கட்டில் காலைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பிள்ளையோடு ஆற்றைக் கடந்தாள். டவுனில் வாய்க்குள்ளேயே நின்றுபோன சண்டையை இங்கே போட்டுவிடுவது என்றுதான் போனாள்.

காளியாயி பொய் சொல்லவில்லை. ஒரே அறை. சன்னலில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரு பையன் வாய்ப்பாடு சொன்னான். மேசைக்கடியில் இரண்டு பேர். சூசைரட்ணம் மாஸ்டர் தரையில் சம்மணம் போட்டு யாருக்கோ சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். இதற்குச் சம்பளம் வேறு.

பெற்றீசியா வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வீசினாள். மூடியை எடுத்துச் சுற்றினாள். “தோதுப்படாது!” என்று ஒரு சத்தம் போட்டாள்.

ஜோசப்பின் சிரிப்புக்காகக் காத்து நின்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பக்கூட இல்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் தன் பையை நகர்த்தி இடம் விட்டாள். பெற்றீசியா போய் உட்கார்ந்துவிட்டாள்.

போட வந்த சண்டையை என்ன செய்வதென்று ஜோசப்பினுக்குத் தெரியவில்லை.

“எங்க போனாலும் இவளை வேடிக்கை பாப்பாங்க மாஸ்டர். இங்க ஒருத்தரும் பாக்கலையே?”

“பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு அதுகளுக்கு,” என்று மாஸ்டர் மூலையைக் காட்டினார்.

அங்கே பத்து வயதுப் பெண் ஒருத்தி சுவரைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத வெள்ளைக் கவுன். எண்ணெய் வைத்து வாரி, இரட்டைப் பின்னல்.

“டவுன் பிள்ளை மாதிரி இருக்கே. யாரு பிள்ளைங்க?”

“அட்டன் றோலண்ட் மாஸ்டர் மக. மூணு வருசமா, மொத பஸ்ஸுல அவரே கூட்டியாந்து விட்டுட்டுப் போறாரு.”