பூச்சிப் பெட்டிக்கு முக்காடு

"ஓசியில கொடுத்தா இப்படித்தான்!" மேஜையைத் தட்டினார் வேளாண்மை அதிகாரி. "என்ன விலை தெரியுமா அந்தப் பெட்டி? பழைய போர்வையைப் போட்டு மூடி வெச்சிருக்கே!"

எதிரே நின்றவள் அசையவில்லை. பக்கத்தில் நின்ற கணவன்தான் நெளிந்தான்.

"மன்னிப்புக் கேட்டுடு. கடைசி பஸ் போயிடும்" என்றான் காதோரம்.

"போனா நடப்போம்."

பெட்டியை அவளுடைய சோளக்காட்டில்தான் நட்டிருந்தார்கள். பூச்சி வந்து விழுந்தால் உள்ளே இருக்கும் கேமரா படம் பிடிக்கும். உடனே விவசாயிகளின் போனுக்குத் தகவல் போகும். இவ்வளவு நல்ல காரியத்தைக் கெடுக்க எப்படித்தான் மனசு வந்ததோ!

"ஏன் மூடினே?"

"போன வருஷம் பூச்சி முதல்ல எங்க காட்டுலதான் இறங்குச்சு. உங்க பெட்டியும் பார்த்துச்சு. எங்க போனுக்கு ஒண்ணும் வரலையே சார்?"

"உங்களுது மானாவாரி மேட்டுக்காடு. தகவல் கால்வாய்ப் பாசனப் பகுதிக்கு மட்டும்தான். காத்து உங்க பக்கத்துலருந்து அங்கே அடிக்குது. அதனாலதான் பெட்டியை உன் காட்டுல வெச்சோம்."

"காவலுக்கு நாங்க, விளைச்சலுக்கு அவங்களா? எங்க பக்கம் ஒரு கதிர் மிஞ்சலை. வயிறு எரியுது சார்."

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"உன் வயித்தெரிச்சலுக்கு இன்னொரு ஊரைப் பலி கொடுப்பியா? இந்த சீசன்ல அவங்களுக்கு ஒரு தகவலும் போகலை. பயிர் போயிருந்தா நீ போலீஸ்லதான் பதில் சொல்லணும். இரு, உன் எதிர்லயே கேட்கறேன்."

கால்வாய்ப் பகுதி விவசாயச் சங்கத் தலைவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.  கணவன் பஸ்ஸை மறந்தே போனான்.

"தலைவரே, பெட்டி வேலை செய்யலை. சோளம் எப்படி இருக்கு? பூச்சி..."

"அதுக்குப் போன வாரமே மருந்து அடிச்சாச்சு சார்! பயிர் ஜம்முனு நிக்குது."

"போன வாரமா? யார் சொன்னாங்க?"

"மேட்டுக்காட்டுலருந்து ஒரு அம்மா போன் பண்ணினாங்க. 'எங்க சோளத்துல இலைக்கு அடியில பூச்சி முட்டை வெச்சிருக்கு. காத்து உங்க பக்கம்தான் அடிக்குது, சீக்கிரம் பாருங்க'ன்னாங்க. பேர் கேட்டேன், வெச்சுட்டாங்க. நீங்க ஏற்பாடு பண்ணின ஆளுன்னு நினைச்சேன்!"

அதிகாரி போனை அணைத்தார். நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்கம்மா."

"உட்கார வரலை சார். எங்க ஊர்க்காரங்க போன் நம்பரையும் சேர்த்துடுங்க, போர்வையை எடுத்துடறேன்" என்றாள் அவள். "நீங்க சேர்க்கிற வரைக்கும் அவங்களுக்கு நானே சொல்லிக்கறேன்."