இரண்டாவது விரல்

நர்ஸ் என் வீட்டுக்காரரின் கண் கட்டில் பிளாஸ்திரியின் ஓரத்தைத் தூக்கிவிட்டிருந்தாள். அதற்குள் முகாம் பொறுப்பாளர் ஓடி வந்து அவள் கையை விலக்கினார்.

"பிரிச்சிராதம்மா. எல்லாரும் கட்டோட இருந்தாத்தான் நிகழ்ச்சி. ஐயா வந்துக்கிட்டே இருக்காரு."

ஐயா என்பவர் முகாமுக்குப் பணம் கொடுத்தவர். நாங்கள் வந்து இறங்கிய பஸ், படுத்த கட்டில், தின்ற சோறு, நேற்று என் வீட்டுக்காரர் கண்ணிலிருந்து எடுத்த புரை, எல்லாம் அவர் தயவு. கட்டையும் அவர் கையால்தான் பிரிக்க வேண்டுமாம்.

விடிந்ததிலிருந்து இவருக்கு வலி. மற்றவர்களுக்கு வெறும் உறுத்தல். இவருக்குக் கண்ணுக்குள் ஊசி ஏறி இறங்குகிறதாம். காலமெல்லாம் தையல் மெஷினோடு கிடந்தவர், ஊசி எப்படி ஏறும் எப்படி இறங்கும் என்று அவருக்கா தெரியாது?

இன்னொரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த இந்த ஒற்றைக் கண்ணில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அதிலும் புரை விழுந்த பிறகு ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பது என் வேலையானது. கட்டுப் பிரித்ததும் தானே கோத்துப் பார்க்க வேண்டும் என்று, சட்டைக் காலரில் ஓர் ஊசியைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்.

டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன். டாக்டர் வாசலில் நிற்கிறாராம், ஐயாவை வரவேற்க. நானே போகிறேன் என்றேன். வாசல் பக்கம் இப்போது யாரையும் விடமாட்டார்களாம். நர்ஸைப் பார்த்தேன். அவள் மருந்துத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். சோறு போட்டவர்கள் முன்னால் மானத்தை வாங்காதே என்றார்.

இந்த மனிதரின் நல்ல குணத்தைக் கண்டாலே எனக்கு எரியும். அளவை மாற்றிச் சொல்லிவிட்டுச் சண்டைக்கு வருகிறவனுக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிற ஆள்.

அதற்குள் ஒத்திகை தொடங்கிவிட்டது. பொறுப்பாளர் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். ஐயா கட்டைப் பிரிப்பார். இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார். சத்தமாக 'ரெண்டு' என்று சொல்ல வேண்டும், வேறு எதுவும் பேசக் கூடாது. போன தடவை ஒரு பெரியவர் விரலை விட்டுவிட்டு ஐயாவின் தலையைப் பார்த்து, முடியெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டுவிட்டாராம்.

என் வீட்டுக்காரரும் வலியோடு ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஐயா உச்சி வெயிலுக்குத்தான் வந்தார். பின்னாலேயே டாக்டர், பத்திரிகைக்காரர்கள், போட்டோக்காரர். ஒவ்வொரு கட்டிலிலும் கட்டுப் பிரிந்தது. ரெண்டு, கைதட்டல், போட்டோ. ரெண்டு, கைதட்டல், போட்டோ.

எங்கள் கட்டில் வந்தது.

கட்டு கையோடு வந்துவிட்டது. கண் முழுக்க ரத்தச் சிவப்பு. இமை வீங்கி, ஓரமெல்லாம் சீழ். பின்னால் நின்றவர்களுக்கு ஐயாவின் முதுகுதான் தெரிந்திருக்கும். நான் தலைமாட்டில் நின்றேன், எனக்கு எல்லாம் தெரிந்தது.

ஐயாவின் கை பாதியில் நின்றுவிட்டது. ஒரு விரல்தான் எழுந்திருந்தது. வாய் மட்டும் பழக்கத்தில் எத்தனை என்று கேட்டது.

"ரெண்டு" என்றார் என் வீட்டுக்காரர். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, சத்தமாக.

மடங்கியிருந்த இன்னொரு விரல் மெதுவாக எழுந்து முதல் விரலின் பக்கத்தில் போய் நின்றது.

கைதட்டினார்கள். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். ஐயா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டதைப் பார்த்தார். பிறகு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

நான் அந்த இரண்டாவது விரலைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஒண்ணுதான் காட்டுனீங்க" என்றேன், அவர் காதுக்கு மட்டும். "டாக்டரக் கூப்பிடுங்க. இல்லேன்னா ஒடிச்சிருவேன்."

போட்டோக்காரர் அப்போதுதான் மறுபடி எடுத்தார். ஐயா பல்லைக் காட்டிக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் குனிந்து பார்த்தார், முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு ஓடினார்கள். காலையில் ஓடியிருக்க வேண்டிய ஓட்டம்.

அந்தப் படத்தைத்தான் ஆஸ்பத்திரி வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். ஐயாவின் கையை நான் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் கட்டிலில் இவர். 'ஒளி தந்த கைக்கு ஒரு மனைவியின் நன்றி' என்று கீழே எழுதியிருக்கிறது. வலிக்கு மருந்து வாங்க வரும்போதெல்லாம் அதைக் கிழித்துப் போட வேண்டும் என்று கை துடிக்கும்.

இன்றைக்கும் அதன் முன்னால் நின்றுவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த என் வீட்டுக்காரரும் நின்றார். எதைப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என் காதருகே குனிந்து கேட்டார்.

"அந்தப் படத்துல, என் காலர்ல ஊசி தெரியுதா?"

தெரிந்தது.