இந்த வாரச் சொல்: கெஸ்ட்

சோபாவின் முதுகில் மறுபடியும் அந்த ஈரத்துண்டு தொங்கியது. பக்கத்தில் வாயைப் பிளந்தபடி இரண்டு சூட்கேஸ்கள். ஹாலில் கால் வைக்க இடமில்லை.

"உங்கண்ணன் எப்பதான் கிளம்பறாராம்?" சமையலறை வாசலில் நின்று பல்லைக் கடித்தார் டிக்‌ஷனரி.

நாளிதழில் வாராவாரம் ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டி எழுதுகிறவர் என்பதால் ஆபீசில் வைத்த பெயர் அது. இப்போது அக்கம்பக்கத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

"மெதுவாப் பேசுங்க, அவர் காதுல விழப்போகுது," என்றாள் மனைவி.

"விழட்டும். அதுக்குத்தானே பேசறேன்."

"அவர்கிட்ட போய் அதை எப்படிங்க கேக்கிறது? நமக்கு ஏது வாய்?"

"உனக்கு இல்லாட்டி போகுது. எனக்கு இருக்கு!"

மச்சான் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் காலமெல்லாம் கடலிலேயே கழித்துவிட்டு, போன மாதம் ரிட்டையராகி வந்து இறங்கினார். நாலு நாள் இருந்துவிட்டு வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்வார் என்று டிக்‌ஷனரி நினைத்தார். மனிதர் நகர்கிற வழியாகத் தெரியவில்லை. நிரந்தரமாகத் தங்கிவிடுவாரோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம் டிக்‌ஷனரிக்கு அந்தச் சூட்கேஸ்களைத் தானே மூடி வாசலில் வைத்துவிடத் தோன்றியது.

மச்சான் தும்மினாலும் அவருக்கு எரிச்சல்தான். பேப்பர் வந்து விழுந்ததும் முதலில் பிரிப்பது மச்சான். பாத்ரூமில் முதலில் நுழைவதும் மச்சான்.

ஒருநாள் பால்கனிக் கதவு இறுகிக்கொண்டது. டிக்‌ஷனரி தோளால் முட்டி முட்டி வியர்த்துக்கொண்டிருந்தபோது, மச்சான் வந்து கதவின் கீழ்மூலையில் காலால் ஒரு தட்டு தட்டினார். சட்டென்று திறந்துகொண்டது. "அது எப்பவும் அப்படித்தான் மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டார். என்ன திமிர்!

அன்றைக்கே உட்கார்ந்து அந்த வாரப் பத்தியை எழுதினார் டிக்‌ஷனரி. ஒவ்வொரு வரியையும் ஊசி மாதிரி தீட்டினார். ஞாயிற்றுக்கிழமை அது அச்சில் வந்ததும், மூவரும் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"கெஸ்ட் என்ற சொல்லுக்கும், பகைமையைக் குறிக்கும் ஹாஸ்டைல் என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. வாசலில் வந்து நிற்கும் அந்நியன் விருந்தாளியாகவும் இருக்கலாம், விரோதியாகவும் இருக்கலாம்."

"அடேங்கப்பா!" மச்சான் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "விருந்தாளியை உபசரிக்கிறவனை ஹோஸ்ட்டுன்னுதானே மாப்பிள்ளை சொல்வாங்க? அது எங்கேருந்து வந்தது?"

"அதுவும் அதே குடும்பம்தான். லத்தீன்ல, வந்தவனுக்கும் வீட்டுக்காரனுக்கும் சேர்த்து ஒரே வார்த்தை."

"ஒரே வார்த்தையா? யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரன்னு குழம்பிடாதா?"

"தன் இடம் எதுன்னு தெரிஞ்சவனுக்கு என்ன குழப்பம்?"

"என்னங்க, போதும். சாப்பாடு ஆறுது," என்று குறுக்கே விழுந்தாள் மனைவி.

"நீ சும்மா இரு. தமிழ்ல இதைவிட அழகு. விருந்துன்னா ஆதியில புதுசுன்னுதான் அர்த்தம். பழசாயிட்டா அது விருந்தே இல்லை, பாரம்!"

மச்சானின் கை தட்டிலேயே நின்றது. "எனக்குச் சொல்றீங்களா மாப்பிள்ளை?"

அவ்வளவுதான். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது மடை திறந்துகொண்டது.

"வேற யாருக்குச் சொல்றேன்? ஹால்ல நடக்க முடியலை, குளிக்க முடியலை, நிம்மதியா டிவி பார்க்க முடியலை. இந்தச் சுவத்துல இருக்கிற ஒவ்வொரு ஆணியும் நான் அடிச்சது. பெயின்ட்டு நான் அடிச்சேன், அலமாரி நான் போட்டேன். கல்யாணமான நாள்லேருந்து இந்த வீட்டைக் கண்ணு மாதிரி பார்த்துக்கிட்டு வர்றேன். சூடு சொரணை உள்ள மனுஷன் அடுத்தவன் வீட்டுல இப்படி டேரா போடமாட்டான்!"

"ஐயோ, வாயை மூடுங்களேன்!" மனைவி எழுந்தேவிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

மச்சான் கோபப்படவில்லை. எழுந்து போய் நிதானமாகக் கை கழுவினார். திரும்பி வந்து டிக்‌ஷனரிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நானும் வந்த நாள்லேருந்து இந்தப் பேச்சை எப்படி எடுக்கிறதுன்னு தெரியாமத்தான் முழிச்சுக்கிட்டிருந்தேன். தங்கச்சி மனசு நோகக்கூடாதேன்னு வாய் வரலை. நல்லவேளை, நீங்களே ஆரம்பிச்சிட்டீங்க."

"இப்பவாவது புரிஞ்சுதே!" டிக்‌ஷனரி பேப்பரை மடித்து மேஜையில் அடித்தார். "அப்ப முடிவைச் சொல்லுங்க."

மச்சான் தங்கையை ஒருமுறை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் வீட்டை எப்ப காலி பண்றீங்க, மாப்பிள்ளை?"