ஆதார் உள்ளவரே உள்ளே

"கார்டு இருந்தா பேச்சு. இல்லாட்டி படியிறங்குங்க" என்றார் ஆனந்தன், கதவைப் பாதி மட்டும் திறந்து.

வெளியே ஓர் அம்மாளும் ஐயாவும் நின்றார்கள். அம்மாள் கையில் துண்டுப் பிரசுரங்கள், ஐயா தோளில் தோல்பை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கோலத்தில் மாடியேறி வருகிறவர்கள் ஆண்டவரைப் பற்றித்தான் பேச வருகிறார்கள் என்று பெருங்களத்தூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அந்த அம்மாள் அழைப்பு மணியை ஒரே அழுத்தில் அடிக்க வைத்திருந்தார். கீழ் ஓரமாக அழுத்தினால்தான் அடிக்கிற மணி அது, புது ஆட்கள் நாலு தடவையாவது குத்திப் பார்ப்பார்கள். ஆனந்தன் இதை யோசித்திருக்கலாம். ஆனால் அவர் கண்ணெல்லாம் எதிர்வீட்டுக் கதவின் மேல் இருந்தது.

எதிர்வீடு கிளியம்மாளுடையது. கோவளத்தில் மொத்தமாக மீன் எடுத்துக் கடைகளுக்கு அனுப்புகிறவர். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் குடியிருப்போர் சங்கத் தேர்தல். செயலாளர் ஆனந்தனை எதிர்த்து நிற்கிற ஒரே ஆள் அவர்தான்.

பதவி போனால் ஆனந்தனுக்கு என்ன மிஞ்சும்? வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. வாட்ச்மேன் வைக்கிற சல்யூட் ஒன்றுதான் பாக்கியிருந்த சுகம். அதுவும் போய்விட்டால் தக்காளி வாங்கி வருகிற ஆள், அவ்வளவுதான்.

போன மாதம் 'வாட்டர் ஃபில்டர் சர்வீஸ்' என்று சொல்லி ஏறிய ஒருவன் மூன்று ஜோடிப் புதுச் செருப்போடு இறங்கிப் போயிருந்தான். "செருப்பையே காப்பாத்தத் தெரியல, இவுரு இன்னாத்துக்கு செகரெட்டரி?" என்று கிளியம்மாள் வீடு வீடாகக் கேட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பதிலடிதான் மாடிக்கு மாடி ஒட்டியிருந்த நோட்டீஸ். ஆனந்தனே எழுதியது.

'ஆதாரில் இந்தக் கட்டட முகவரி உள்ளவரே குடியிருப்பவர். மற்ற அனைவரும் விருந்தாளிகள். குடியிருப்பவர் ஒருவர் பொறுப்பேற்றுப் பதிவேட்டில் கையெழுத்திட்டால் மட்டுமே விருந்தாளிக்கு அனுமதி.'

மனைவி ஜெயப்ரியா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்கென்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

எதிர்க்கதவு திறந்து கிளியம்மாள் தலை தெரிந்ததும் ஆனந்தனுக்குக் குரல் ஓங்கியது. மேல்மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நாலு பேர் நின்றார்கள். சபை கூடிவிட்டது. கார்டை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதற்காக அவரே வாசலைத் தாண்டி வெளியே வந்தார்.

"தாராளமா பாருங்க சார். இந்தக் காலத்துல யாரை நம்பி உள்ள விடுறது?" என்று அம்மாள் கார்டை நீட்டினார். முகத்தில் துளிக் கோபம் இல்லை. ஆனந்தனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பெயர், பேபி. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே வாசித்தார். கார்டைத் திருப்பினார். கணவர் பெயர், ஜெரோம். ஐயா தலையசைத்தார். இரண்டாவது மாடி, வீட்டு எண் எட்டு...

குரல் பாதியில் நின்றது. நிமிர்ந்து தன் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

எட்டு.

"ஏழு வருஷம் இங்கதான் சார் வாடகைக்கு இருந்தோம். ஓனர் வீட்டை வித்ததும் வண்டலூர் போயிட்டோம். அட்ரஸ் மாத்தணும்னு நினைக்கிறது, இ-சேவை மையத்துல கூட்டத்தைப் பார்த்துட்டுத் திரும்பி வந்துடுறது" என்றார் பேபி, தப்பு செய்தவர் மாதிரி.

கிளியம்மாள் வெளியே வந்தார். செல்போன் உறைக்குள்ளிருந்து தன் கார்டை எடுத்துச் சபைக்குக் காட்டினார். நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே போய் முகவரியை மாற்றிவிட்ட கார்டு. பொல்லாத பொம்பளை.

"ரூலு அல்லாருக்கும் ஒண்ணுதான சார்? உங்க கார்டையும் காட்டிடுங்க."

"பர்ஸ் உள்ள இருக்கு" என்று ஆனந்தன் திரும்பினார்.

கிளியம்மாள் வழியில் வந்து நின்றார். "உள்ள போவணும்னா கார்டு காட்டணுமே சார்."

படிக்கட்டு கொல்லென்று சிரித்தது. ஜெரோம் ஐயா மட்டும் பாவம், சிரிக்காமல் கூரையைப் பார்த்தார்.

அப்போது ஜெயப்ரியா வந்தாள். ஒரு கையில் பர்ஸ், இன்னொரு கையில் மூன்று வருடமாக ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த கடிதக் கட்டு.

"பேபி அக்கா நீங்கதானா? உங்க பேருக்கு எவ்ளோ லெட்டர் வந்து கெடக்கு பாருங்க. உள்ள வாங்கக்கா, டீ போடுறேன்."

கடிதங்கள் பேபி கைக்குப் போயின. பர்ஸிலிருந்து உருவிய கார்டு கிளியம்மாள் கைக்குப் போனது. அடிப்பாவி! ஆனந்தன் பக்கம் ஜெயப்ரியா திரும்பவே இல்லை.

கிளியம்மாள் கார்டைத் திருப்பிப் படித்தார். ஆணியில் தொங்கிய பதிவேட்டை எடுத்து, அந்தக் கார்டோடும் பேனாவோடும் பேபியிடம் கொடுத்தார்.

பேபி ஆனந்தனை மேலும் கீழும் பார்த்தார். "பார்த்தா நல்ல மனுஷராத்தான் தெரியறாரு. நான் பொறுப்பு" என்று நிதானமாக எழுதினார்.

விருந்தாளி: ஆனந்தன்.

முகவரி: பள்ளிக்கரணை.

பார்க்க வந்த வீடு: எட்டு.

கையெழுத்துப் போட்டுவிட்டு, பழகிய வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, தாழ்வான நிலைப்படிக்குத் தலையைக் குனிந்து உள்ளே போனார். ஜெரோம் ஐயா பின்னாலேயே போனார்.

'வெளியேறும் நேரம்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

அதைக் கிளியம்மாள் தன் கையாலேயே நிரப்பினார்: மாலை ஐந்து மணிக்குள்.