பனி தங்காத கூரை

வீட்டின் சூட்டை நிறுத்தி அறுபத்திரண்டு மணித்தியாலம். கோபுரம் மட்டும் இன்னும் உறையவில்லை.

சண்முகநாதன் காரை எதிர்ப்பக்கம் நிறுத்தி, முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளின் நிழலில், யாரோ ஸ்கொட்லாந்துப் பிரபுவின் கோட்டையைச் சின்னதாகச் செய்து வைத்ததுபோல நின்றது அந்த வீடு. பழைய செங்கல். படிகள்போல ஏறி இறங்கும் முகட்டுச் சுவர்கள். மூலையில், கூம்புத் தொப்பி போட்ட வட்டக் கோபுரம்.

கூரை முழுக்க ஓரடிப் பனி. கோபுரத்தின் தொப்பியில் மட்டும் ஒரு பிடி இல்லை. அதன் விளிம்பைச் சுற்றி ஐஸ் ஊசிகள் தொங்கின.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு. உள்ளே சூடு இல்லாமல் கூரைப் பனி உருகாது.

வீட்டை அவர் வாங்கியது இடித்துவிட்டு மாடிக் குடியிருப்புக் கட்டுவதற்கு. றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் சொந்த வீட்டையும் ஈடு வைத்திருந்தார். ஆறாம் மாதம் மாநகரசபை அதை மரபுக் கட்டடம் என்று அறிவித்துவிட்டது. கோபுரம், முகடு, ஜன்னல், ஒன்றிலும் கை வைக்கக் கூடாது.

அவர் கை வைக்கவில்லை. குளிரிடம் விட்டுவிட்டார்.

தண்ணீர்க் குழாய் கோபுரச் சுவருக்குள்ளால்தான் மேலே ஏறுகிறது. உறையும்போது தண்ணீர் ஒன்பது வீதம் வீங்கும். குழாய் வெடிக்கும். சுவர் ஊறும். ஊறிய சுவர் திரும்பவும் உறையும். நூற்று முப்பது வருடச் செங்கல் அதைத் தாங்காது. ஆபத்தான கட்டடம் என்று பிறகு மாநகரசபையே சொல்லும்.

யாரோ இதை அறிந்து தடுக்க வேலை செய்கிறார்கள்.

முதலில் பக்கத்து வீட்டு ஜூலியஸைத்தான் நினைத்தார். மாநகரசபைக் கூட்டத்தில் எழுந்து, இந்தக் கோபுரத்துக்காகத் தொண்டை அடைக்கப் பேசிய மனிதர். ஆனால் ஜூலியஸிடம் சாவி இல்லை.

சாவி இருக்கும் மற்ற ஆள் பக்கத்து இருக்கையில் இருந்தாள். மனைவி யோகராணி.

இன்றைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. தானாக வந்து ஏறினாள். மடியில் ஒரு துணிப்பை. அதன் வாயால் கம்பளிக் காலுறை ஒன்று எட்டிப் பார்த்தது.

வாங்கிய நாளில் கைதிகளை அடைக்கும் மறியல்வீடு மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தவள் இவள். இப்போது கிழமைக்கு இரண்டு தரம், அதை இடிக்க விடமாட்டார்கள்தானே என்று கேட்கிறாள்.

அறிவித்தல் வந்த அன்று பாயாசம் வேறு காய்ச்சினாள். வெள்ளிக்கிழமை என்று காரணம் சொன்னாள். அதற்கு முதல் மூன்று கிழமை அவருக்கு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள்.

அது மகள் விசயம். கல்யாணமாகி எட்டு மாதத்தில், புருசனோடு இருக்க முடியாது என்று ஒரு சூட்கேசோடு வந்து வாசலில் நின்றாள் நிரோஷினி. அவர் உள்ளே எடுக்கவில்லை. புருசன் வீட்டுக்கு, விட்பிக்கே திரும்பிப் போகச் சொன்னார். ஊபரும் அவரே கூப்பிட்டார். அதன் பிறகு மகளும் பேசவில்லை, மருமகனும் பேசவில்லை. முறைப்பாடு இல்லையென்றால் ஒழுங்காக இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அவர் இறங்கியபோது யோகராணியும் கதவைத் திறந்தாள். படி வழுக்கும், இரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீழே எல்லாம் அவர் நினைத்தபடி இருந்தது. கூடத்தில் வைத்துவிட்டுப் போன வாளித் தண்ணீர் கல்லாகியிருந்தது. மூச்சு புகையாக வந்தது.

மேலே கோபுர அறை பூட்டியிருந்தது; அவருடைய சாவி அதற்குப் பொருந்தவில்லை. கதவின் கீழால் வந்த காற்று கணுக்காலில் இளஞ்சூடாகப் பட்டது.

உள்ளே யார் என்று ஆங்கிலத்தில் அதட்டினார். பொலிசைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னார்.

கதவில் காதை வைத்தார்.

டிக். டிக். டிக்.

பத்து வருடமாக அவருடைய சொந்த வீட்டு பேஸ்மன்றில் கேட்ட சத்தம் அது. நேற்று முழுக்கத் தேடியும் கிடைக்காத, கரண்டில் ஓடும் எண்ணெய் ஹீற்றர்.

அவர் கோபப்படவில்லை. சந்தேகம் தீர்ந்த ஆறுதல்தான் முதலில் வந்தது. கீழே இறங்கி மெயின் சுவிச்சைத் தட்டி நிறுத்தினார். வெளியே வந்து, அவளுடைய சாவி இனி உதவாதபடி, வாசல் கதவில் கொண்டுவந்திருந்த புதுப் பூட்டொன்றைக் கொழுவினார்.

காரில் யோகராணி அவரைப் பார்க்கவில்லை. கோபுர ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பை இன்னும் மடியில் இருந்தது.

"ஹீற்றரைக் கொண்டந்து வைச்சது நீர்தானே?" என்றார். "உந்தச் செங்கல்லில உமக்கு அப்பிடி என்ன பாசம்?"

அவள் துணிப்பையின் வாயை இறுக்கிப் பிடித்தாள்.

"கரண்டை நிப்பாட்டிப்போட்டன். பூட்டும் போட்டாச்சு. விடியிறதுக்கிடையில உறைஞ்சிடும்."

யோகராணி கையை நீட்டினாள். பூட்டின் சாவியைத்தான் கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது.

"நிரோ விட்பிக்குப் போகேல்லை," என்றாள்.